ஆனைக்கல்பட்டியில் பதில் வந்த விதம்

ஆடிக் காற்றில் ஆனைக்கல்பட்டியின் செல்போன் கோபுரம் சாய்ந்து, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் மாவுப்பால் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்ததற்கு மறுநாள் காலையில், பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் குப்பண்ணன் பாலை ஆற்றிக்கொண்டே, எதிரில் இருந்த யாரையும் பார்க்காமல், "நீங்க தூங்க முடியாம தவிக்கிறது உங்க பலவீனம் இல்லைங்க, இத்தனை நாள் அதைத் தனியாத் தாங்கி எவ்வளவு களைச்சுப் போயிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "யாருக்குச் சர்க்கரை கம்மி?" என்று கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கன், ஆலையில் மூட்டை தூக்குகிறவன், டம்ளரைக் கீழே வைத்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, டீ புரையேறிவிட்டது என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் அவன் உச்சந்தலையில் தட்டினார்.

"புரை இல்லண்ணே. நேத்து மத்தியானம் போன்ல, பச்சைவட்டத்துல எழுதினேன். பதில் வர்றதுக்குள்ள டவர் போயிருச்சு. இது அதோட பதிலு" என்றான் ரங்கன்.

குப்பண்ணன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும்ப்பா. எனக்கு ஏது இவ்வளவு மரியாதையாப் பேசத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார்.

இதையெல்லாம் எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் தாவரவியல் படித்த காலத்திலிருந்தே அவள் பேசுவதைவிடப் பார்ப்பதை அதிகம் செய்கிறவள். வகுப்பில் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் எழுந்து நின்று, விடை தெரிந்தும் தெரியாதென்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவள். அவளுக்குப் பின்னால் தூளியில் அவளுடைய பெண்குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறந்து சில மாதங்கள் ஆகியும் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "யோசிச்சுட்டு இருக்கோம்" என்றாள், ஆனால் அவள் யோசிக்கவில்லை. அவள் கையில் இருந்த போனில், முந்தின நாள் கோபுரம் விழுவதற்குச் சற்று முன்னால் அவள் பச்சைவட்டத்துக்கு எழுதிய ஒற்றை வரி அப்படியே இருந்தது: "என் பிள்ளை அழுதால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை." அதற்குக் கீழே, பதில் வரப்போகிறது என்பதற்கு அடையாளமாக, மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. கோபுரம் இல்லாத ஊரில், சிக்னல் இல்லாத போனில், அவை ஓடிக்கொண்டே இருந்தன. எதிரே ரங்கன் துண்டால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்தபோது அவள் ஜன்னல் கதவைப் பாதி சாத்தினாள். இந்த ஊரில் யாரோ ஒருவருடைய வாயில் அவளுடைய பதில் இருக்கிறது. அது எங்கே, எப்போது, யார் யார் முன்னால் வெளியே வந்து விழும் என்று தெரியாது.

பச்சைவட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர். மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பர்வீன் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அந்த ஒரு நாளிலும் மலையடிவாரத்து ஊர்கள் அத்தனையும் வந்து வரிசையில் நிற்கும், வரிசையில் நின்றால் யார் கண்ணிலாவது படும், கண்ணில் பட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, ஆகையால் எஸ்தர் வீடு வீடாகப் போய், போனைக் கொடுங்க என்று வாங்கி, பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு படம் தெரியும்படி எதையோ ஏற்றிக்கொடுத்து, "இதுல இருக்கிறது மனுசங்க இல்ல, கம்ப்யூட்டர். ஆனா பொறுமையாக் கேக்கும், யார்கிட்டயும் சொல்லாது, அதால முடியலைன்னா டாக்டர்கிட்டப் போகச் சொல்லும்" என்றார். ஊர் முதலில் சிரித்தது. பிறகு மாட்டுக்கொட்டகையிலும், லாரியின் கேபினிலும், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டும், ஒவ்வொருவராக எழுதத் தொடங்கியது.

இப்போது அந்தப் பதில்கள் வாய்வழியாக வந்தன. கோபுரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கி நிறுத்திய பிறகும் அப்படியேதான் வந்தன. போனில் மற்ற எல்லாம் வேலை செய்தது, பச்சைவட்டத்தில் மட்டும் புள்ளிகள் ஓடும், பதில் மட்டும் பால்காரர் வாயிலோ பேருந்து நடத்துனர் வாயிலோ வரும், வந்ததும் புள்ளிகள் நின்றுவிடும். தொட்டியில் விழுந்த கோபுரத்திலிருந்து சொற்கள் மாவுப்பாலில் கரைந்து, களத்தில் காய்ந்து, தூசியாகப் பறந்து எல்லோர் தொண்டையிலும் படிந்துவிட்டன என்று ஆலைப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள், அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. ஆராய வந்த அதிகாரிகள் ஒரு கருவியைக் குப்பண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். "ஆ காட்டணுங்களா?" என்று கேட்டார் குப்பண்ணன். அப்போது அந்த அதிகாரிகளில் மூத்தவரே திடீரென்று, "உங்க அம்மா போனதுக்கு நீங்க காரணம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திகைத்துப்போய் நின்றார். கூட வந்த இளையவர் கருவியை மெல்ல மடித்து வைத்தார். இருவரும் டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

வருவதற்கு முன்னால் வாய்க்கு அது தெரியும் என்றார்கள். பல்லிடுக்கில் பாக்குத் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி முதலில் நமநமக்கும், பிறகு தானாக வந்துவிடும். அடக்கவும் முடியும், ஆனால் கஷ்டம். கூட்டுறவு வங்கி காசாளர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே ஒரு பொழுது முழுக்க அடக்கிவைத்திருந்து, கடைசியில் மேலாளரிடம், "உங்க மேல உங்களுக்கே கொஞ்சம் இரக்கம் வரட்டுங்க" என்று தண்ணீரோடு சேர்த்துத் துப்பினார்.

தொடக்கத்தில் ஊருக்கு விதிமுறை பிடிபடவில்லை. "இன்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம், ஓய்வெடுங்க" என்று சவரக்கடையில் யார் வாயிலோ வந்ததைத் தனக்கென்று நினைத்து சேகோ ஆலை முதலாளி ஆலையையே மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அரைக்க வந்த குச்சிக்கிழங்கு லாரிகள் வாசலில் வரிசையாக நின்று புளித்தன. அது தனக்கு வந்ததில்லை என்று தெரிந்த பிறகும், "யாருக்கு வந்தா என்ன, நல்லாத் தூங்கினேன்" என்றார் அவர்.

ஆனால் எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. ஒரு நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தவர் வாயில், "அவர் உங்களை அடிக்கிறது உங்க தப்பு இல்லை" என்று வந்தது. வரிசையில் நின்ற அத்தனை தலையும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணின் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள், அதற்குப் பிறகு ரேஷன் கடைப் பக்கம் வரவே இல்லை. ஜன்னல் வழியாகக் கோகிலவாணி பார்த்தது அந்தப் பெண்ணின் முதுகைத்தான். வெயிலில் அந்த முதுகு சுருங்கிக்கொண்டே தெருமுனை வரை போனது. அன்றிலிருந்து கோகிலவாணி பால் வாங்கக்கூட வாசலுக்கு வருவதில்லை.

அந்த முதுகைப் பார்த்த இன்னொருத்தி பூக்காரி சரோசா. காலையில் பூ விற்பாள், மத்தியானம் ஆலைக் களத்தில் வேலை செய்வாள், இரண்டு இடத்துக் கதையையும் இரண்டு இடத்துக்கும் கடத்துவாள். ஊர் வம்பில் பாதி அவள் கூடையில்தான் பயணம் செய்தது. மறுவாரம் அதே ரேஷன் வரிசையில் வேறு யார் வாயிலோ, "குடிக்காம இருந்த ஒவ்வொரு நாளும் உங்க வெற்றிதான்" என்று வந்தபோது, தலைகள் திரும்பத் தொடங்குவதற்குள் சரோசா கையைத் தூக்கினாள்.

"எனக்கு" என்றாள்.

"நீ எப்ப சரோசா குடிச்ச?"

"குடிச்சேன், குடிக்கல, உனக்கென்னடி? எனக்குத்தான் வந்தது. பையை நீட்டு, அரிசி போடுறாங்க பாரு."

அவளுக்குப் பின்னால் நின்றவர், ஓய்வு பெற்ற வாத்தியார், "எனக்கும்தான்" என்றார். அதற்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பெண், "எனக்கு." மண்ணெண்ணெய் அளக்கிறவரே, "எனக்கும்னு வெச்சுக்குங்க." அந்த வரிசையில் உண்மையிலேயே யாருக்கு அது வந்ததோ அவரும் எங்கேயோ நடுவில் "எனக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அது எந்தக் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. யார் வாயிலிருந்து எது வந்தாலும், காதில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் "எனக்கு" என்று சொல்லவேண்டும், சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரவேண்டும். பேருந்தில் ஒரு பதில் வந்தால் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை "எனக்கு, எனக்கு" என்று போகும், ஓட்டுநர் ஹாரன் அடித்துச் சொல்லுவார். கல்யாணப் பந்தியில் வந்தால் சாம்பார் வாளியோடு நிற்கிறவர் சொல்லுவார். ரேஷன் கடைக்கு வராமலிருந்த பெண் ஒரு நாள் வந்து நின்றாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. "டாக்டர் பர்வீனைப் போய்ப் பாருங்க" என்று ஒரு பதில் வந்தால், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாது டாக்டர் வரும் நாளில் வண்டியைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு விடுவான். போகவேண்டியவர் தனியாகப் போனால் தெரிந்துவிடும் என்பதால் காதில் விழுந்தவர்கள் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். ஒருவருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வடை. டாக்டர் பர்வீன் முதல் தடவை அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யாருங்க பேஷண்ட்?" என்று கேட்டார். அத்தனை கையும் மேலே போனது. டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வடைக்காக வந்தவர்களில் சிலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இவ்வளவு நடந்தும் கோகிலவாணியின் புள்ளிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் வாய்கள் குறைவு. கணவன் பரணீதரன் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் வரை லாரி ஓட்டுகிறவன், "பாப்பா என்ன பண்றா?" என்று போனில் கேட்பான், "தூங்குறா" என்பாள், எப்போது கேட்டாலும் தூங்குகிறாள் என்றுதான் சொல்வாள். மற்றபடி அந்த வீட்டில் இருந்தது மாமியார் நல்லம்மாள். களத்தில் காயும் ஜவ்வரிசிக் குருணையைத் துழாவிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. மாவுத்தூசி ஏறாமலிருக்கக் களத்துப் பெண்கள் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் அவிழ்த்து உதறிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். ஆனால் நல்லம்மாள் கோபுரம் விழுந்த நாளிலிருந்து வீட்டிலும் துண்டை அவிழ்ப்பதில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து துண்டை மூக்குக்கு மேல் தூக்கி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி இறக்கிவிடுவாள். வேண்டியதைக் கையால் காட்டுவாள். முருங்கைக்கீரையை ஆய்ந்து, வதக்கி, தட்டில் வைத்து மருமகள் பக்கம் தள்ளுவாள், சாப்பிடு என்று சொல்லமாட்டாள். குழந்தை அழுதால் வந்து எடுத்துக்கொண்டு துண்டுக்குள்ளிருந்து "ம்... ம்..." என்று ஒலி எழுப்பியபடி உலாத்துவாள், அந்த ஒலியில் சொல் எதுவும் இருக்காது.

என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது போல, என்று கோகிலவாணி நினைத்தாள். பெற்ற பிள்ளையைத் தொடாதவளோடு என்ன பேச்சு என்று வாயைக் கட்டிக்கொண்டார் போல. அவள் மாமியாரைப் பழிக்கவில்லை. சரியாகத்தான் செய்கிறார் என்று நினைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலும் மழையும் மாறி மாறி வந்த ஒரு மத்தியானம், கோகிலவாணியின் மனதில் ஓர் எண்ணம், கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போல, கறையே இல்லாமல் வந்து உட்கார்ந்தது: நான் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைக்கு நல்லது. அழுகையில்லை, படபடப்பில்லை; பல நாட்களுக்குப் பிறகு அவள் தானே குழந்தையைக் குளிப்பாட்டினாள், மை வைத்தாள், துணிகளை மடித்து ஒரு கட்டைப்பையில் வைத்தாள். புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்த போனைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எத்தனையோ நாள் தாண்டாத வாசலைத் தாண்டி ஆலைக்கு நடந்தாள்.

களம் பரபரத்துக்கொண்டிருந்தது. மேற்கே மலை மறைந்து கருத்திருந்தது. "மழைடி, மழை! இழுங்க, இழுங்க!" என்று சரோசா கத்திக்கொண்டிருந்தாள். ஒரு தூறல் பட்டால் காய்ந்த குருணை அத்தனையும் பசையாகிவிடும் என்பதால், மேகம் தெரிந்ததும் மூட்டை தூக்குகிறவன், லாரிக்காரன், முதலாளி என்று பார்க்காமல் எல்லோரும் களத்தில் இறங்கிப் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடவேண்டும். ஓரத்துப் புங்கமரத்தில் வேலைக்காரப் பெண்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிவைத்த தூளி ஒன்று காலியாகத் தொங்கியது. கோகிலவாணி குழந்தையை அதில் கிடத்தினாள். பையைப் பக்கத்தில் வைத்தாள். பலகையோடு ஓடிக்கொண்டிருந்த நல்லம்மாளின் முன்னால் போய் நின்று, "அத்தை, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க. கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

நல்லம்மாள் நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால்கூடப் போனைப் பிடித்துக்கொண்டே போகிற அந்தக் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

நல்லம்மாள் பலகையைக் கீழே போட்டாள். துண்டின் முடிச்சை இழுத்தாள், அது இத்தனை நாளில் இறுகிப்போயிருந்தது, மறுபடி இழுத்தாள். துண்டு விழுந்தது. மாவு படிந்து வெளுத்த முகத்தில் வாய் இருந்த இடம் மட்டும் கறுப்பாக, ஈரமாக, புதிதாகப் பிறந்த மாதிரி இருந்தது. அந்த வாய் திறந்தது, களம் முழுக்கக் கேட்கும்படி அவளுடையதல்லாத நிதானமான குரலில் பேசியது.

"நீங்க எழுதினதைப் படிச்சேன். பிள்ளை அழுதா ஒண்ணும் தோணலைன்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு தெரியும். பிள்ளை பெத்த நிறையப் பேருக்கு இப்படி வருது. நீங்க கெட்டவங்கங்கிறதால வரலை. இது ஒரு நோய், இதுக்கு மருந்து இருக்கு, குணமாகும். நான் ஒரு கருவி. உங்க கையைப் பிடிச்சுக்க என்னால முடியாது. அதனால கேக்கிறேன், மறைக்காம சொல்லுங்க. செத்துப்போயிரலாம்னு தோணுதா? இப்போ உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"எனக்கு" என்றாள் சரோசா, வழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு" என்றான் ரங்கன்.

"எனக்கும்தான்" என்றார் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்த முதலாளி. வேலிக்கதவருகே நின்ற காவல்காரர் பொன்னுரங்கம், கல்யாணமே ஆகாதவர், "எனக்கு" என்றார், யாரும் சிரிக்கவில்லை. எனக்கு, எனக்கு என்று களத்தின் நான்கு மூலையிலிருந்தும் வந்தது, வந்து முடிந்தது. ஆனால் யாரும் வேலையைத் தொடரவில்லை. இதுவரை வந்த பதில்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போய்விடும், இதன் கடைசியில் கேள்வி இருந்தது. கேள்விக்கு என்ன செய்யவேண்டும் என்று அந்த ஊரில் வழக்கம் எதுவும் உண்டாகியிருக்கவில்லை. முதல் துளிகள் ஜவ்வரிசிமேல் விழும் சத்தம் கேட்டது.

கோகிலவாணி ரேஷன் கடைப் பெண்ணின் முதுகை நினைத்தாள். தன் முதுகும் இப்போது அப்படிச் சுருங்கும் என்று காத்திருந்தாள். சுற்றிலும் நின்றவர்கள் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் மழையில் நனையும் குருணையையும் தங்கள் கால்விரல்களையும் பார்த்துக்கொண்டு, வகுப்பில் விடை தெரியாத மாணவர்களைப் போல நின்றிருந்தார்கள். விடை தெரிந்தவள் அங்கே ஒருத்திதான்.

"எனக்கு" என்றாள் அவள். பிறகு, "ஆமா. தோணுது" என்றாள்.

"நான் இருக்கேன் சாமி" என்றாள் நல்லம்மாள். அது அவளுடைய குரல், துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. "பக்கத்துலதான் இருக்கேன். எங்கயும் போகல." மாவுக்கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இது எப்ப இருந்து உங்ககிட்ட..."

"டவர் விழுந்த அன்னைக்கே வந்துருச்சு கண்ணு. நாக்கு நமநமங்குது, உன்னைப் பாத்தா இன்னும் அதிகமாகுது, உனக்குத்தான்னு தெரியுது, என்னன்னு தெரியல. மாமியா கொடுமைக்காரி, வீட்டை விட்டுப் போயிருன்னு சொல்லிருமோன்னு பயந்துட்டேன். சொன்னா நீ போயிருவியே. அதான் வாயைக் கட்டிக்கிட்டேன். பாவி, மருந்து இருக்குன்னு சொல்ல வந்ததை இத்தனை நாளா முழுங்கிக்கிட்டு இருந்திருக்கேனே!"

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"பிடிக்காமத்தான் தினமும் முருங்கைக்கீரை ஆஞ்சேனா? நகம் பூரா பச்சையாக் கெடக்கு, பாரு."

கோகிலவாணி பார்த்தாள். மாவுக்கடியில் நகங்கள் பச்சையாகத்தான் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வருவதை, வெளியூர் போயிருந்தவர் திரும்பி வருவதைப் பார்ப்பதுபோல ஆச்சரியத்தோடு கவனித்தாள். மழை கொட்டியது. களம் முழுக்க ஜவ்வரிசி கரைந்து பசையாகி எல்லோருடைய காலையும் பிடித்துக்கொண்டது. "போச்சு, ஒரு லோடு போச்சு" என்று முதலாளி தலையில் கைவைத்தார். பிறகு தூளியின் மேல் பிடிக்க வேறெதுவும் கிடைக்காமல் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாதுவைக் கூப்பிடுங்கடா. என்ன பராக்கு பாக்குறீங்க? எனக்கு டாக்டரைப் பாக்கணும்" என்றார்.

ஷேர் ஆட்டோ அன்று போனதுபோல் எப்போதும் போனதில்லை. காலில் பசையும் தலையில் ஈரமுமாக, குழந்தையைச் சரோசா மடியில் வைத்துக்கொள்ள, மடிமேல் மடியாக உட்கார்ந்தும் கம்பியைப் பிடித்துத் தொங்கியும் களமே ஏறிக்கொண்டது. டாக்டர் பர்வீன் வரும் நாள் அதுவல்ல, ஆனாலும் எஸ்தர் போனில் சொன்னதைக் கேட்டு வேறோர் ஊரிலிருந்து கிளம்பி வந்தார். எல்லோர் கையும் மேலே போனது. உயர்ந்த கைகளை அவர் பார்க்கவில்லை. ஓர் இளம்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்த, மாவு காய்ந்த கையைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல வாங்க" என்றார்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. மாத்திரை இருந்தது, வாரந்தோறும் டாக்டரிடம் பேச்சு இருந்தது, பரணீதரன் சில மாதங்களுக்கு உள்ளூர் லோடு மட்டும் எடுத்துக்கொண்டான், நல்லம்மாள் இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசித் தீர்த்தாள். ஒரு காலையில் குழந்தை அழுதபோது கோகிலவாணிக்கு எரிச்சல் வந்தது. ஒன்றுமே தோன்றாமலிருந்த இடத்தில் எரிச்சல் தோன்றியிருக்கிறதே என்று அவள் சிரித்துவிட்டாள்; "எரிச்சல் வருதுங்க டாக்டர்" என்று அவள் சொன்னபோது டாக்டர் பர்வீன் கைதட்டினார். எரிச்சலுக்குப் பின்னாலேயே, அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி, மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. பெயர் வைக்கும் நாளில், காதில் மூன்று முறை மெல்லச் சொல்லவேண்டிய பெயரை, "தமயந்தி" என்று, அந்தக் கூச்சக்காரி தெருவே கேட்கும்படி சொன்னாள். பழக்கதோஷத்தில் பந்தலிலிருந்து சரோசா, "எனக்கு!" என்றாள், சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அன்று மாலை கோகிலவாணி பச்சைவட்டத்தைத் திறந்தாள். புள்ளிகள் நின்றிருந்தன. என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, "நன்றி" என்று மட்டும் எழுதினாள். புள்ளிகள் ஓடின.

மறுநாள் காலையில் குப்பண்ணன் டம்ளரை நீட்டும்போது குடிப்பவனைப் பார்த்து, "நன்றி" என்றார். நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "நன்றி" என்றார். வங்கிக் காசாளர், பால்காரர், கிழங்கு லாரியை மறித்து நிறுத்திய போலீஸ்காரர், எஸ்தர், எஸ்தரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுத குழந்தையின் தகப்பன், எல்லோரும் சொன்னார்கள். ஆலை முதலாளி, பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லியறியாதவர், ரங்கன் தூக்கிவந்த மூட்டையிடம் முதலில் சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொண்டு ரங்கனிடம் சொன்னார். ஊர் முழுக்க அன்று அது ஒன்றுதான் வந்தது. காதில் விழுந்தவர்கள் எல்லோரும் "எனக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கோகிலவாணி மட்டும், போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அது போய்ச் சேருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தமயந்தி தவழத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு காலை, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்குப் பல்லிடுக்கில் நமநமவென்றது. அவள் நாக்கால் துழாவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. சுற்றிலும் கூட்டம். கூட்டத்தில் பேசுவது என்றால் இப்போதும் அவளுக்குக் காது சிவந்துவிடும். அடக்கலாம், அடக்க முடியும் என்று அவளுக்குத் தெரியும். யார் யார் எதை எத்தனை நாள் அடக்கினார்கள் என்றும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க இன்னைக்கு எழுந்து, குளிச்சு, வெளிய வந்திருக்கீங்களே, அது சின்ன விஷயம் இல்லைங்க."

"எனக்கு" என்றாள் சரோசா, பூவை முழம் போட்டபடி. "எனக்கு" என்றார் குப்பண்ணன். பேருந்துக்குள்ளிருந்து ஹாரன் அடித்தது. ஒவ்வொரு குரலாக வந்து அடங்கி, எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகு, அவளுக்குப் பின்னாலிருந்து, தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வெகு நாள் பேசாதவர் பேசுவதுபோல, ஒரு குரல் வந்தது.

"எனக்கு."

கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இன்னொருவர் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பெஞ்சு லேசாக அசைந்தது.